கோயம்புத்தூருக்குப் போட்டால் கிள்ளிகுளம்

எங்கள் ஊர் ஆலிம்களிடம் எங்கே ஓதினீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். எங்கள் லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஸனது (பட்டம்) வாங்கியவர் மன்பயீ. வேலூர் பாக்கியாத்தில் வாங்கியவர் பாகவி. நீடூர் மிஸ்பாஹுல் ஹுதாவில் வாங்கியவர் மிஸ்பாஹி. நிக்காஹ் பத்திரிகை, பயான் நோட்டீஸ், வீட்டு வாசல் பலகை எல்லாவற்றிலும் அந்த ஒட்டு இருக்கும். மூன்று பேரும் ஒரே விருந்தில் உட்கார்ந்தால், எந்த மதரஸா ஒசத்தி என்று சின்னதாக ஒரு சீண்டல் நடக்காமல் பிரியாணி இறங்காது. ஆனால் அந்த ஒட்டில் ஏமாற்று எதுவும் இல்லை. மன்பயீ என்றால் இந்த ஊரில், அந்தக் கட்டடத்தில், அங்கிருந்த உஸ்தாத்துகளிடம் ஓதியவர்தான்.

பல்கலைக்கழகப் பெயர்கள் அப்படி இல்லை என்பதை, பிளஸ் டூ ரிசல்ட் வரும்போதெல்லாம் நான் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. கடைத்தெருவில் ப்ரவுசிங் சென்டர் வைத்திருப்பவனுக்கு மே, ஜூன் மாதங்களில் அரை வாத்தியார் வேலையும் சேர்ந்துவிடும். பிள்ளையின் பக்கத்தில் அம்மா, போனில் துபாயிலிருந்தோ ஜித்தாவிலிருந்தோ அத்தா. "பாய், அண்ணாவா, அண்ணாமலையா? எது நல்லது?"

கேட்பவர்கள் இரண்டையும் ஒரே மாதிரிப் பொருளாக நினைத்துக் கேட்கிறார்கள். 1978-ல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தில் நேராகப் படிப்பது என்றால் கிண்டி, ஏ.சி.டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாதிரி சென்னையின் சில வளாகங்கள்தான். பண்ருட்டி போல வெளியூர்களில் உறுப்புக் கல்லூரிகள் சில உண்டு. மற்றபடி மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான தனியார் கல்லூரிகள் அதன் இணைப்பில் இருக்கின்றன. அங்கே பாடம் நடத்துவது கல்லூரிக்காரர் வைத்த ஆசிரியர். பெரும்பாலும் கேள்வித்தாளும், எப்போதும் பட்டமும்தான் அண்ணாவுடையவை. "எம்மவன் அண்ணா யுனிவர்சிட்டி" என்று தெருவில் சொல்லும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

அண்ணாமலை வேறு வார்ப்பு. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டனைப் பார்த்து, கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு பரீட்சை வைக்கும் அமைப்பாகப் பிறந்தது. ஆனால் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920-ல் ஸ்ரீ மீனாட்சிக் கல்லூரியைத் தொடங்கி, 1929-ல் அதைப் பல்கலைக்கழகமாக்கியபோது, ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்கிற ஏற்பாடாக அது அமைந்தது. அதற்கு முன்பே அங்கிருந்த தமிழ்க் கல்லூரிக்கு உ.வே.சாமிநாதையர் முதல்வராக இருந்தார். 1931-ல் மட்டக்களப்பிலிருந்து சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். அந்தக் காலத்துப் பையன் அண்ணாமலைக்குப் போனான் என்றால் இப்படிப்பட்டவர்களிடம் போனான் என்று அர்த்தம். சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தண்டவாளத்தைத் தாண்டிவிட்டால் அது தனி ஊர். திராவிட இயக்கத் தலைவர்களான அன்பழகனும் நெடுஞ்செழியனும் அங்கே பேசக் கற்றுக்கொண்டதில் பாதியாவது வகுப்புக்கு வெளியே, விடுதித் தாழ்வாரத்தில் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் போனில் இருக்கிற அத்தா இடைமறிப்பார்: "அதெல்லாம் சரி, அண்ணாமலைன்னா இங்க ரெகுலரா, கரஸ்ஸான்னு கேக்குறாங்களே?"

நியாயமான கேள்வி. 1979-லிருந்து அஞ்சல்வழியில் அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டங்கள் இந்தியா முழுக்கப் பரவின. கடையில் வேலை பார்த்துக்கொண்டே, வெளிநாட்டுச் சபுரில் இருந்துகொண்டே படித்து முன்னேறியவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு, 2014-15க்குப் பிந்தைய அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று பொது அறிவிப்பு வெளியிட்டது. வழக்கு, விளக்கம் எல்லாம் பின்னால் வந்தன. அதற்குள் பேச்சு வளைகுடா வரை போய்விட்டது. பாதிப்பு தொலைதூரத்துக்குத்தான் என்றாலும், நாலு வருஷம் வகுப்பில் உட்கார்ந்து படித்தவனும் அட்டஸ்டேஷனுக்குப் போகும்போது 'நேரடி வகுப்பில் படித்தார்' என்று பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்கி இணைக்கிறான்.

போதாததற்கு, பெயர்கள் நிலையாகவும் இல்லை. லால்பேட்டைப் பிள்ளை சிதம்பரத்திலோ கடலூரிலோ ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்தால், முன்பு பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்த பின் அதனுடையது. மார்க் ஷீட்டில் ஒரு எழுத்துத் திருத்தம் என்றால் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சேர்க்காட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் புதுப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் போட்டார்கள். ஆட்சி மாறி, ஆகஸ்டில் அதை அண்ணாமலையோடு இணைத்தார்கள். கல்லூரியும் வகுப்பும் வாத்தியாரும் மாறவில்லை. பட்டத்தில் இருக்கும் பெயர் மட்டும் சட்டமன்றத்தில் மாறியது. இதில் நாம் 'தேர்வு' செய்தது எதை? தனியொரு வளாகமாக இருந்த அண்ணாமலையும் இப்போது இணைப்புக் கல்லூரிகள் உள்ள பல்கலைக்கழகம். இனிமேல் அதற்கும் அண்ணாவுக்குச் சொன்ன எச்சரிக்கையே பொருந்தும்.

அண்ணாமலையின் தள்ளாட்டமும் கண்ணெதிரே நடந்ததுதான். பண நெருக்கடி முற்றி, 2013-ல் தனிச் சட்டம் போட்டு அரசு அதை எடுத்துக்கொண்டது. உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆயிரக்கணக்கில் வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டார்கள். அரசுடையது ஆன பிறகும் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் லட்சத்தில் நின்றது. மற்ற அரசுக் கல்லூரிகளில் அது ஆயிரங்களில்தான். மாணவர்கள் வாரக்கணக்கில் போராடி 2021-ல் அதைக் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாற்ற வைத்தார்கள். படிக்கிற பிள்ளைகள் போராடித் தங்கள் கல்லூரிப் பலகையை மாற்றியது எனக்குப் பிடித்த செய்தி. தேர்வு செய்தது என்றால் அதைச் சொல்லலாம்.

இத்தனையும் தெரிந்துவைத்திருந்தும் ஒரு பெண்பிள்ளை விஷயத்தில் என் கணக்கு செல்லவில்லை. பாட்டனாருக்கு ஏரிப் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்கால். சின்ன வயதிலிருந்து அகத்திக்கு நடுவே வளர்ந்தவள். கொடி திடீரென்று இலை துவண்டு, தண்டு அடியில் கறுத்துச் செத்துப்போகிற வாடலைப் பற்றி என்னிடமே கூகுளில் தேடச் சொல்லி வருவாள். பி.எஸ்சி. அக்ரிதான் படிப்பேன் என்று அண்ணாமலைக்கும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் போட்டிருந்தாள். 1906 வாக்கிலேயே சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்குப் போய் வேரூன்றிய கல்லூரி, 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. அந்தப் பெயருக்கு நிகர் இல்லை. ஆனால் கவுன்சிலிங்கில் அவளுக்கு வந்த இடம் கோவை இல்லை, அதே பல்கலைக்கழகத்தின் தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளம் கல்லூரி.

"கோயம்புத்தூர் யுனிவர்சிட்டின்னா கோயம்புத்தூர்ல இல்லியா?" என்றார் ஷார்ஜாவிலிருந்து அத்தா.

அண்ணாமலைக்கே போகட்டும் என்று நான் வாதாடினேன். நம்முடைய களிமண், நம்முடைய காவிரித் தண்ணீர், நாளைக்கு அவள் வேலை செய்யப்போகிற வயலும் இதுதான். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில். அம்மா தலையாட்டினார். அத்தாவுக்கும் சம்மதம்போலத்தான் இருந்தது.

அவள் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பாய், வீட்டுலேந்து போயிட்டு வந்தா ரெண்டாவது வருஷமே மாப்ளை பாத்துருவாங்க. அவ்ளோ தூரத்துல இருந்தா, படிப்பு முடியட்டும்னு விடுவாங்க."

எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் நான் பார்க்காத அளவுகோல். பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஆசிரியரையும் எடைபோட்ட நான், கிலோமீட்டரைச் செலவு என்றே எழுதிவைத்திருந்தேன். அவளுக்கு அது வரவு. அம்மாவுக்குக் காதில் விழாத மாதிரி இருந்தது. விழுந்திருக்கும். கிள்ளிகுளத்துக்கே உறுதி செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் பாட்டனார் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அந்தக் காலேஜ் எந்தப் பக்கம் என்று கேட்டார். தாமிரபரணிப் பக்கம் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"ஆத்தூர் வெத்தல அந்தப் பக்கந்தானே? அவன் எலைய விட நம்ம எலை ஒசத்தி. ஆனா வாடலுக்கு அவன் என்னமோ பண்றான். அத மட்டும் கேட்டுக்கிட்டு வரச் சொல்லு."