கோவி மறுத்த உணவு

நுழையும் முன்

நம்மை நம்பி வாழும் உயிர்களுக்கு நாம் இடும் உணவு தூயதாக இருத்தல் வேண்டும். அக்கடமையில் தவறிய ஓர் ஆசிரியரின் அனுபவம் இங்குக் கட்டுரையாக அமைந்துள்ளது.

*

கோவி எங்கள் வீட்டு நாய். இலக்கணப்படி நாய் அஃறிணை. 'அது வந்தது' என்று கூறுவதே முறை. ஆயினும் எங்கள் வீட்டில் அவனை 'அது' என்று ஒருவரும் சொன்னதில்லை. உவகை மிகுதியால் பசுவை 'அம்மை' என்று அழைப்பதைத் திணை வழுவமைதி என்று நம் இலக்கண நூலார் ஏற்றுக்கொண்டுள்ளனர். அவ்விதி எனக்கும் இடம் தரும் என்னும் துணிவில், இக்கட்டுரை முழுவதும் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

அவனுக்குப் பெயர் வந்த கதையை முதலில் கூறிவிடுகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உள்ளது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட கல் அது. கருந்தேவகத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட அக்கல்லில், வீரனுக்கு அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயரை இன்றும் நாம் அறிகிறோம் என்பது வியப்பன்றோ!

குஜராத் மாநிலத்தின் வடோதரா நகருக்கு நான் பணிமாறுதல் பெற்று வந்த ஆண்டில், குடியிருப்புப் படிக்கட்டின் கீழ்க் குளிரில் நடுங்கிக் கிடந்த ஒரு குட்டியை என் மகள் தூக்கி வந்தாள். அப்பழம்பெயரையே அவனுக்குச் சூட்டினேன். மகள் அதைக் 'கோவி' என்று சுருக்கினாள். அண்டை வீட்டார் 'கோபி' என்று அழைத்தனர். இரண்டுக்கும் அவன் வாலை ஆட்டினான்.

வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் எவ்வாறு நழுவிப் போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மகளும் அப்போது எங்களுக்கு இந்தியிலேயே விடை கூறத் தொடங்கியிருந்தாள். ஆனால், கோவியிடம் மட்டும் தமிழிலேயே பேசினாள். ஏனெனில் அவனுக்கு வேறு மொழி தெரியாது. 'வா', 'உட்கார்', 'போதும்', 'சமர்த்து' என்னும் சொற்களை அவன் அறிந்திருந்தான். பள்ளியில் நிகழ்ந்தவற்றை எல்லாம் மாலையில் அவள் அவனுக்குத் தமிழில் எடுத்துரைப்பாள். அவன் காதுகளை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருப்பான். தமிழாசிரியராகிய என்னால் இயலாததை அவன் செய்துவந்தான்.

2019ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று வடோதராவில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. விசுவாமித்திரி ஆறு பெருகியது; ஆற்றில் வாழும் முதலைகள் தெருக்களுக்கு வந்தன. வெள்ளம் வடிந்தபின், நான் வழக்கமாகக் கோவிக்கு உணவு வாங்கும் கடைக்குச் சென்றேன். தரைத்தளத்தில் இருந்த பொருள்களுள் பெரும்பகுதி நனைந்து அழிந்திருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். "பென், இந்த மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பாதி விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். குஜராத்தியர் பெண்களைச் சகோதரியாகக் கருதிப் 'பென்' என்று அழைப்பர். சோளமும் இறைச்சித் தூளும் கலந்து செய்த உலர் உணவு அது. 10 கிலோ மூட்டை. அச்சிட்டிருந்த நாளைப் பார்த்தேன், காலாவதி ஆகவில்லை. அடிப்பகுதியில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்தும் வாங்கினேன்.

வீட்டில் மூட்டையைப் பிரித்தபோது இலேசான முடை நாற்றம் வீசியது. தானியத்தில் ஈரம் ஏறினால் முற்றத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பார் என் அம்மா. வண்டும் ஈரமும் போய்விடும். நானும் அவ்வாறே மாடத்தில் இரண்டு நாள் பரப்பி வைத்தேன். மழைக்காலத்து மங்கலான வெயில். நாற்றம் குறைந்தது. குறை நீங்கியது என்று நான் எண்ணினேன்.

முதல் மூன்று நாள் கோவி உண்டான். நான்காம் நாள் தட்டை முகர்ந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். விலகிச் சென்று வாயிலருகே படுத்துக்கொண்டான்.

"அம்மா, கோவிக்கு இது வேண்டாமாம்" என்றாள் மகள்.

"அவனுக்கு நாக்கு நீண்டுவிட்டது. பசித்தால் தானே தின்பான்" என்றேன் நான்.

மறுநாளும் அவன் உண்ணவில்லை. உணவை வீணாக்கலாகாது என்று எனக்குக் கற்பித்து வளர்த்திருந்தார்கள். ஆகவே, அவ்வுணவைத் தயிர்ச்சோற்றுடன் பிசைந்து, உருண்டையாக்கி, என் கையால் ஊட்டினேன். அவன் சற்றுத் தயங்கினான். பின்னர் உண்டான்; உண்டபின் என் கையையும் நக்கினான். அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. தட்டில் வைத்தால் மறுத்ததை, என் கையில் இருந்தால் அவன் ஏற்றுக்கொண்டான். இக்கட்டுரையை எழுதும் இந்நேரத்திலும் என்னை வருத்துவது இதுவே. அவன் மூக்கு அவனுக்குச் சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால், அவன் தன் மூக்கைக் காட்டிலும் என் கையையே நம்பினான்.

மூன்று வாரங்களில் அவன் மெலிந்தான். நீர் மிகுதியாகக் குடித்தான், குடித்ததைக் கக்கினான். விநாயகர் சதுர்த்தியன்று, தெருவெங்கும் மேளம் முழங்க, அவன் எழுந்து நிற்கவும் இயலாமல் கிடந்தான். கண்களின் வெண்மையும் ஈறுகளும் மஞ்சளாய் மாறியிருந்தன. உடனே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் குருதியைச் சோதித்தார். கல்லீரல் பெரிதும் சிதைந்துவிட்டது என்றார். "என்ன உணவு கொடுக்கிறீர்கள்? அந்த மூட்டையைக் கொண்டுவாருங்கள்" என்றார்.

மூட்டையைக் கொண்டுசென்று கவிழ்த்தோம். அடியில் கட்டி கட்டியாகப் பசுஞ்சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. நாயின் நோய்க்குறிகளையும் மூட்டையையும் கண்ட மருத்துவர், இது பூஞ்சை நச்சால் விளைந்த கேடு என்று கூறினார். நீர்மம் ஏற்றினார், ஊசிகள் போட்டார். இந்நச்சை முறிக்கத்தக்க மருந்து என ஒன்று இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் கோவி இறந்தான்.

அந்நச்சின் பெயர் அஃப்ளடாக்ஸின். ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் சோளம், நிலக்கடலை முதலியவற்றின்மேல் வளரும் 'அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ்' போன்ற பூஞ்சைகள் அதைச் சுரக்கின்றன. பூஞ்சையைத் துடைத்துவிட்டாலும் நச்சு தங்கிவிடும். வெயிலில் காயவைத்தாலும் அடுப்பில் வேகவைத்தாலும் அது முற்றும் அழிவதில்லை. சிறிது சிறிதாக உடலுக்குள் சென்று கல்லீரலைக் கெடுக்கும். என் அம்மா கற்பித்த முறை ஈரத்தைப் போக்கும், வண்டை விரட்டும், இந்நச்சை நீக்காது.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 1,00,000-க்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென இறந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் இந்நச்சு இருந்தது தெரியவந்தது. உலகம் அஃப்ளடாக்ஸினை அறிந்துகொண்டது அவ்வாறுதான். 1974ஆம் ஆண்டில், வடோதராவை அடுத்துள்ள பஞ்சமகால் மாவட்டத்திலும் இராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டத்திலும், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்களுள் 100-க்கும் மேற்பட்டோர் மஞ்சள் காமாலையுற்று மாண்டனர். அவ்வீடுகளில் அதே உணவைப் பகிர்ந்துண்ட நாய்களும் மாண்டன.

அறியாமையால் மட்டுமன்றிப் பேராசையாலும் உணவு நஞ்சாவதுண்டு. 2007ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதுபட்டு இறந்தன. அவற்றின் உணவில் சேர்த்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலந்திருந்தது. புரதத்தை அளக்கும் சோதனை உண்மையில் நைட்ரஜனையே அளக்கிறது. மெலமைனில் நைட்ரஜன் மிகுதி. எனவே, தரம் குறைந்த பொருளைத் தரமுள்ளதாகக் காட்ட அதைக் கலந்தனர். அடுத்த ஆண்டே சீனாவில் குழந்தைகளுக்கான பால்பொடியில் அதே மெலமைன் கலந்திருந்தது வெளிப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். 6 குழந்தைகள் இறந்தனர். வாயில்லா உயிர்களின் உணவில் செய்யும் பிழை, அவற்றோடு நின்றுவிடுவதில்லை.

கோவி இறந்த அன்று மாலை என் மகள் என்னிடம் கேட்டாள்: "நாம் கொடுத்ததாலா அம்மா?"

தன்மைப் பன்மையை அவள் சரியாகவே ஆண்டாள். ஆனால், விடை ஒருமையில் இருத்தல் வேண்டும். "இல்லை. நான் கொடுத்ததால்" என்றேன். வேறு ஏதேனும் சொல்லியிருக்கலாம். வெள்ளத்தைக் காரணம் காட்டியிருக்கலாம். கடைக்காரரைக் குறை கூறியிருக்கலாம். அவன் மறுத்தபோது அவளும் அருகிலேயே நின்றிருந்தாள். அவளிடம் பொய் கூற எனக்கு நா எழவில்லை.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்று நிகழ்ந்ததைக் கூறினேன். கடைக்காரர் நெடுநேரம் பேசவில்லை. "வெள்ளத்தில் பாதிக் கடை போயிற்று, பென். இதுவும் கெட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது" என்றார். வாயிலில் அடுக்கியிருந்த எஞ்சிய இரண்டு மூட்டைகளை உள்ளே இழுத்துவைத்தார். அவற்றை அவர் எறிந்தாரா என்பதை நான் அறியேன். எறிந்திருப்பார் என்றே நம்புகிறேன்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் நாயோ பூனையோ கிளியோ வளரலாம். உணவைச் சிறு அளவில் வாங்குங்கள். ஈரம் புகாத கலத்தில் மூடி வையுங்கள். கறையும் முடை நாற்றமும் கண்டால், விலையை எண்ணாமல் எறியுங்கள். வேறோர் உயிர் உண்ணாதபடி எறியுங்கள். வழக்கமாக உண்ணும் உயிர் ஒரு நாள் உணவை மறுத்தால், அதனைக் கடிந்துகொள்ளும் முன் உணவைப் பாருங்கள். அது பேசாது, மறுப்பது ஒன்றே அதன் பேச்சு.

இரண்டு நாள் என் மகள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் அருகில் வந்து, தமிழில் கேட்டாள்: "அம்மா, அந்தக் கோவிவனுக்குக் கல் வைத்தார்களே, நம் கோவிக்கு?"

குடியிருப்பின் பின்புறத்து வேப்பமரத்தடியில் அவனைப் புதைத்திருந்தோம். இருவரும் ஒரு கல்லைத் தேடி எடுத்து அங்கு நட்டோம். எழுத்து வெட்ட எங்களுக்குத் தெரியாது. அவள் சுண்ணக்கட்டியால் 'கோவி' என்று எழுதினாள். அடுத்த மழையில் அது அழிந்தது. மீண்டும் எழுதினாள்.

*

சொற்பொருள்

நடுகல் – இறந்த வீரரின் நினைவாக நடப்படும் கல்
உவகை – மகிழ்ச்சி
முடை நாற்றம் – கெட்ட வாடை
மாடம் – மாடி முகப்பு
பிண்ணாக்கு – எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கை

சிந்தித்து எழுதுக

1. கோவியை ஆசிரியர் 'அவன்' என்று குறிப்பிடுவதற்குக் காட்டும் இலக்கணக் காரணம் யாது?
2. உணவை வெயிலில் காயவைத்தும் கேடு நீங்காமைக்குக் காரணம் என்ன?
3. "நாம்" என்னும் வினாவுக்கு "நான்" என்று ஆசிரியர் விடை கூறியது ஏன்? உம் கருத்தை எழுதுக.
4. நீவிர் வளர்க்கும் அல்லது அறிந்த ஓர் உயிரைப் பற்றிப் பத்துத் தொடர்களில் எழுதுக.