வேருக்குள் இடும் சாந்து

மலாயாக் காடுகளில் வளரும் மரமொன்றின் பாலிலிருந்து கிடைப்பது கட்டாப்பேர்ச்சா. இறப்பருக்கு இது நெருங்கிய உறவு. 19ஆம் நூற்றாண்டிலே கடலடியிற் போட்ட தந்திக் கம்பிகளுக்கெல்லாம் இதுவே உறையாயிற்று. அத்தொழிலில் இன்று இதற்கு இடமில்லை. ஆயினும் பல் வைத்தியர்கள் இதனைக் கைவிட்டாரில்லர். பல்லின் வேருக்குள் நோயுற்ற சதையையும் நரம்பையும் நீக்கியபின், வெறுமையான குழாயை இதைக்கொண்டே இன்றும் நிரப்புகின்றனர்.

கட்டாப்பேர்ச்சாவிடம் ஒரு குறையுண்டு: அது பல்லோடு ஒட்டுவதில்லை. ஆகையால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மேசன் சாந்து வைப்பதுபோல, அதற்கும் வேரின் சுவருக்கும் இடையே மெல்லிய சீமெந்து ஒன்றைப் பூசவேண்டியிருக்கின்றது. என் கடைவாய்ப் பல்லொன்றில் நாலாண்டுகளுக்கு முன் வைத்த அடைப்பு, இந்தச் சாந்தின் ஓரமாகவே கசிந்துவிட்டது. கிருமிகள் வேர் நுனிவரை சென்றுவிட்டன. மறுமுறையும் கசிந்தாற் பல்லைப் பிடுங்கவேண்டியதுதான் என்றார் இப்போது பார்க்கும் வைத்தியர். இரசாயனம் படிப்பிக்கும் எனக்கு அந்தச் சாந்தைப்பற்றி அறியும் ஆவல் அதன்பின்பே பிறந்தது. ஆவல் என்பதிலும் அச்சம் என்பதே பொருந்தும்.

பழைய சாந்து நாக ஒட்சைட்டையும் கராம்பெண்ணெயிலுள்ள இயூஜினோலையும் குழைத்துச் செய்வது. (பாட்டிமார் பல்வலிக்குக் கராம்பு வைத்ததும் இவ்வியூஜினோலின் பயனே.) அது துவாரத்தை அடைக்குமேயன்றிச் சுவரோடு பற்றுவது சொற்பம். 1954இல் சுவிற்சலாந்து தேசத்து அந்திரே ஷ்ரோடர் எப்பொக்சிப் பிசினாலான சாந்தொன்றை வெளியிட்டார். அதன் வழிவந்த சாந்தையே ஆராய்ச்சியாளர் இன்றும் அளவுகோலாகக் கொள்கின்றனர்.

சாந்து எதுவாயினும், சுவர் துப்புரவாக இருத்தல் வேண்டும். வேரின் சுவரிலே 1 முதல் 3 மைக்ரோமீற்றர் வரை அகலமுள்ள நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. குழாயைச் சுரண்டும்போது எழும் தூளும் அழுக்கும் சேர்ந்து அவற்றின் வாயை மூடிவிடும். சோடியம் ஐப்போகுளோரைற்றினாலும் ஈ.டி.ரி.ஏ. கரைசலினாலும் கழுவினாலே அப்படலம் நீங்கும். அதன் பின்னரே பிசின் உள்ளே புகுந்து பிடிக்கும்.

பிடிப்பை அளக்கும் முறை எளிது. பிடுங்கிய பல்லின் வேரை நிரப்பி, சுமார் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள வில்லைகளாக அரிந்து, நடுவிலுள்ள அடைப்பை ஒரு சிறு தண்டினால் அழுத்தித் தள்ளுவர். அது கழன்றுவிட எவ்வளவு விசை வேண்டியதாயிற்று என்பதைப் பரப்பினால் வகுத்தால் விடை கிடைக்கும். என் மாணவர் எவரும் செய்யக்கூடிய கணக்கு.

2004ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலிருந்து ரெசிலோன் என்றொரு பொருள் வந்தது. நிரப்பும் பொருளும் சாந்தும் பற்சுவரும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே திண்மமாகும் என்று அதைப் புகழ்ந்தனர். கேட்பதற்கு அழகான எண்ணந்தான். ஆனால் இத்தகைய பிசின் இறுகும்போது சுருங்கும். திறந்த பரப்பிலே பூசினால் அச்சுருக்கத்துக்கு இடமுண்டு. நாற்புறமும் சுவர் சூழ்ந்த ஒடுங்கிய குழாயினுள் எங்கே போகும்? சுவரையே விட்டு விலகும். பழைய கட்டாப்பேர்ச்சாவிலும் இதன் பிடிப்புக் குறைவெனச் சில பரிசோதனைகள் காட்டின. போதாக்குறைக்கு, அதிலிருந்த பொலியெசுத்தர் நொதியங்களாற் சிதையக்கூடியது என்பதும் தெரியவந்தது. அப்பொருள் கடைசியிற் சந்தையைவிட்டே மறைந்தது. அதை நம்பிப் பல்லை ஒப்படைத்தவர்களை எண்ணும்போது எனக்கு வருத்தமாயிருக்கின்றது.

இப்போது புகழ்பெற்று வருவது கல்சியம் சிலிக்கேற்றுச் சாந்து. வீடு கட்டும் சீமெந்தின் இனம் இது. சுவரிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி இறுகும். பிசினுக்கு ஈரம் பகை, இதற்கோ அது தேவை. தள்ளிப் பார்க்கும் பரிசோதனையில் எப்பொக்சியை இது எப்போதும் வெல்வதில்லை. ஆனால் அவ்வெண்ணை மட்டும் வைத்து ஒரு சாந்தை மதிப்பது சரியென்று நான் கருதவில்லை. வில்லையைத் தள்ளும் தண்டு வாய்க்குள் இல்லை. அங்கே உள்ளது உமிழ்நீரும் கிருமியும் காலமுமே.

இப்புதிய சாந்தை என் பல்லுக்கு இடலாமா என வைத்தியரைக் கேட்டேன். அது நன்றாக இறுகிவிட்டால் வழக்கமான கரைப்பான்களிற் கரையாது, மூன்றாந் தடவை திறக்க நேர்ந்தால் வேர் நுனியை அடைவது கடினம் என்றார். அதனால் எப்பொக்சியையே இட்டிருக்கிறார்.