குரங்கைக் குளிப்பாட்டும் வாக்கியம்

'வென் வி பேத் த மங்கீஸ் ஸ்நாட்ச் த சோப்.' ஐந்தருவிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டாம்; சாரல் சீசனில் நடப்பதுதான். ஆனால் கமா இல்லாமல் போர்டில் எழுதினால், 'மங்கீஸ்' வரைக்கும் நாம் குரங்குகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறோம். 'ஸ்நாட்ச்' வந்ததும்தான் கண் பின்னால் ஓடுகிறது. 'பேத்' பக்கத்தில் ஒரு கமா இருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

*

எல்லா வினையும் இப்படி ஏமாற்றாது. செயப்படுபொருளோடும் அது இல்லாமலும் வரக்கூடிய வினைகள்தான் ஆபத்து: ஈட், ரீட், வாஷ், குக்.

*

கிறிஸ்டியான்சன், ஃபெரேரா முதலிய உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு மனதை விட்டுப் போகவில்லை. இப்படி வழிதவறிய வாசகர்களில் பலர், வாக்கியத்தை முழுதாகப் படித்த பிறகும் முதலில் எடுத்துக்கொண்ட தப்பான பொருளை விடவில்லை. கண் திரும்பிவிடுகிறது, குரங்கு மட்டும் குளித்துக்கொண்டே இருக்கிறது. கமாவைச் சின்ன விஷயம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

*

அதே வாக்கியம் தமிழில்: 'நாங்கள் குளிக்கும்போது குரங்குகள் சோப்பைப் பிடுங்கும்.' இங்கே 'போது' வந்ததுமே சார்பு வாக்கியம் முடிந்தது. சாரல் விழுந்தால், கூட்டம் குறைந்ததும், தண்ணி கூடியதால்: ஒவ்வொன்றின் கடைசியிலும் எல்லை இருக்கிறது. ஏட்டுச் சுவடிகள் நிறுத்தக்குறி இல்லாமல் அத்தனை காலம் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழ் உரைநடையில் அந்தக் குறிகளை ஊன்றியவர் ஆறுமுக நாவலர் (1822–1879). தென்காசிப் பிள்ளை ஆங்கிலத்தில் அந்தக் கமாவை விடுவது அசட்டை அல்ல. அதன் தாய்மொழி அந்த இடத்தில் குறி கேட்டுப் பழக்கவில்லை. சிவப்பு மையில் சுழிப்பதற்கு முன் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

*

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் நிறுத்தக்குறிக்கு 2 மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் மேற்கோள் குறிக்கே தயாராகிறார்கள், இந்தக் கமாவுக்கு அல்ல.

*

'மூச்சு விடும் இடத்தில் கமா' என்ற பாடம் போதாது. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கம்பனை வாய்விட்டுப் படித்தே பொருளைத் திறந்து காட்டியவர். செய்யுளுக்கு அது சரி. ஆங்கில உரைநடையில் அதே வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: 'த மங்கீஸ் ஸ்நாட்ச் த சோப் வென் வி பேத்.' எங்கே மூச்சு வாங்கினாலும் கமா வேண்டாம்.

*

'ஆஃப்டர் லஞ்ச்' மாதிரி வினை இல்லாத குட்டித் தொடருக்குச் சிலர் கமா போடுவதில்லை. பரவாயில்லை. வினையோடு சார்பு வாக்கியம் முன்னால் வந்தால், அது மூன்றே சொல்லானாலும், என் வகுப்பில் கமா உண்டு.