தனியாகவா வந்திருக்கிறீர்கள்?

தஞ்சாவூர்ச் சத்திரங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் ஒருவருக்கு ஹைதராபாத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி அவர் இதைச் சொன்னபோது துறை நண்பர்கள் சிரித்தார்கள்; அவரும் சேர்ந்து சிரித்தார். நடந்த அன்று காலையில் அதில் சிரிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

தார்நாகாவில் இருக்கும் தெலங்கானா மாநில ஆவணக் காப்பகத்தில் ஷாஜஹான், ஔரங்கசீப் காலத்துத் தக்காண ஆவணங்கள் பாரசீக மொழியில் பெருந்தொகையாக உள்ளன. சத்திரத்துக்கும் சராய்க்கும் விடப்பட்ட மானியங்களை ஒப்பிட வேண்டுமென்பது அவருடைய ஓர் இயலின் நோக்கம். அதற்காகவே இரண்டாண்டு பாரசீகம் கற்றார். மானுடவியல், சமூக அறிவியல் துறைகளில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு முதல் இரண்டாண்டுகளில் இதரச் செலவுக்கென்று ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாயும், அதன்பின் 20,500 ரூபாயும் தரப்படுகின்றன. நூல், ஒளிநகல், பயணம், தங்குமிடம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே ஐந்து நாள் தங்குவதற்குச் செகந்திராபாத் நிலையத்துக்கு அருகில், நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் வாடகையில், கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியே இரண்டு வாரங்களுக்கு முன்பே அறை பதிவு செய்திருந்தார். பணம் முழுவதும் கட்டியாயிற்று. உறுதி செய்யப்பட்டது என்ற குறுஞ்செய்தியும் வந்திருந்தது.

சார்மினார் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் விடுதியின் வரவேற்பு மேசையை அடைந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மேசைக்கு அப்பால் இருந்தவர் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். பின்னால் யாரேனும் வருகிறார்களா என்று பார்க்கிறார் என்பது சற்றுத் தாமதமாகவே அவருக்குப் புரிந்தது.

“தனியாகவா வந்திருக்கிறீர்கள்?”

“ஆம்.”

“சிங்கிள் லேடீஸுக்கு ரூம் கொடுப்பதில்லை, மேடம். ஓனருடைய ஆர்டர்.”

பல்கலைக்கழக முத்திரையிட்ட அறிமுகக் கடிதத்தை எடுத்து நீட்டினார். அது ஆவணக் காப்பகத்துக்காக வாங்கிவந்த கடிதம். அவர் அதை மரியாதையாகவே படித்தார், மரியாதையாகவே திருப்பித் தந்தார். அதற்குள் முதுகுப் பையோடு ஓர் இளைஞர் உள்ளே வந்தார். அவரும் தனியாகத்தான் வந்திருந்தார். கல்லூரி மாணவர்போல் இருந்தார். அட்டையைக் காட்டினார், கையெழுத்திட்டார், சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் காலையில் வேறெதுவும் அவரை அவ்வளவு பாதிக்கவில்லை. விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்திருந்தால் அது வெறும் அசௌகரியம் என்று சொல்லிவிடலாம். அவருடைய கண்முன்னேயே அது ஆள் பார்த்துப் பிரிந்தது.

செயலியின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் இசை கேட்டார். முடிவில் பேசியவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மாதாப்பூரில் வேறோர் அறை தருவதாகவும், நாளொன்றுக்குக் கூடுதலாக 1,900 ரூபாய் செலுத்த வேண்டுமென்றும் சொன்னார். மாதாப்பூர் நகரத்தின் மறுகோடி. வேண்டாமென்று சொன்னால் கட்டிய பணம் ஏழு வேலை நாள்களுக்குள் திரும்ப வரும். அந்த ஏழு நாளும் அவர் எங்கே தங்குவார் என்பது உதவி எண்ணின் கேள்விகளில் இல்லை.

மெட்ரோ நிலையப் படிக்கட்டின் ஓரத்தில் பெட்டியின் மேல் அமர்ந்தபடி வேறு மூன்று லாட்ஜுகளுக்குத் தொலைபேசினார். முதலாவதில் அறை இருந்தது. எத்தனை பேர் என்று கேட்டபின் இல்லாமல் போயிற்று. இரண்டாவதில் எவரும் எடுக்கவில்லை. மூன்றாவது லாட்ஜின் மேலாளர் ஒரு நிபந்தனை விதித்தார்: வீட்டுப் பெரியவர் யாராவது தம்மிடம் பேச வேண்டும்.

ஆய்வாளருக்கு வயது 31. ஒரத்தநாட்டில் இருக்கும் அவருடைய தந்தைக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மேலாளருக்குத் தெலுங்கும் இந்தியும் தெரியும். எனவே நேரில் சென்று, கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்து, இருவருக்கும் நடுவே நின்று அவரே மொழிபெயர்த்தார். “என்னம்மா, இன்னும் ரூம் கெடைக்கலியா? சாப்டியா?” என்று தந்தை கேட்டதை, ‘என் சம்மதத்தோடுதான் வந்திருக்கிறாள்’ என்று இந்தியில் மாற்றினார். மேலாளர் திருப்தியுடன் தலையசைத்து, பதிவேட்டைத் திருப்பி வைத்தார். தம்மைத் தங்க வைப்பதற்கான அனுமதியைத் தாமே இயற்றித் தாமே வாசித்த அந்தத் தருணத்தைப் பின்னாளில் அவர் எவ்வளவோ நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறார். தந்தையிடம் மட்டும் அந்த மொழிபெயர்ப்பைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சன்னல் இருந்தது, திறந்தால் ஒரு முழத் தொலைவில் அடுத்த கட்டடத்தின் சுவர். வெந்நீர் வருமென்ற குழாயில் தண்ணீரே விட்டுவிட்டு வந்தது. தெருமுனைத் திருமண மண்டபத்தின் பேண்டு வாத்தியம் நள்ளிரவு வரை கேட்டது. இவையெல்லாம் ஆய்வு மாணவர்கள் எல்லா ஊர்களிலும் பார்ப்பவைதாம், குறையாகச் சொல்ல ஏதுமில்லை. ஆனால் இரவு பத்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. ஆதார் நகல் தெளிவாக இல்லை, இன்னொன்று வேண்டுமாம். மறுநாளும் அதே நேரத்தில் வேறொரு காரணம். மூன்றாம் இரவு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு விளக்கை அணைக்காமலே படுத்தார். பெண்களின் பாதுகாப்பை முன்னிட்டே இத்தகைய விதிகள் என்று சொல்லப்படுவதை அந்த நாற்காலியோடு சேர்த்துத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே நகரில் 2017 ஜூன் மாதத்தில், சிங்கப்பூரைச் சேர்ந்த இளம் மேடைக் கலைஞர் ஒருவர் இணையத்தில் பதிவு செய்த விடுதிக்கு வந்தபோது, தனியாக வந்த பெண் என்பதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டார். அவர் அதை முகநூலில் எழுதியதும் நாடெங்கும் செய்தியாயிற்று. பதிவுத் தளம் வருத்தம் தெரிவித்தது. ஊடகங்கள் விவாதித்தன. விதி மட்டும் அப்படியே இருந்துவிட்டது. எழுதி ஒட்டப்படும் பலகையிலிருந்து இறங்கி, வாய்மொழியாக மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

விடுதிக்காரர்கள் தரப்பிலும் ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையன்று. அறையில் அசம்பாவிதம் ஏதேனும் நடந்தால் காவல் நிலையத்துக்கு அலைகிறவர் அந்த மேசைக்குப் பின்னால் மாதச் சம்பளத்துக்கு இருப்பவரே. பதிவேட்டைச் சோதிக்க எப்போது யார் வருவார்கள் என்ற அச்சம் அவருக்கு உண்டு. சட்டம் சொல்லாததையும் சொல்வதாக எண்ணிக்கொண்டு, வம்பு வேண்டாம் என்று ஒதுங்குகிறார். மணமாகாத இருவர் விடுதியில் ஒன்றாகத் தங்குவது குற்றமன்று என்று 2019 டிசம்பரில், கோயம்புத்தூர் விடுதியொன்று மூடி முத்திரையிடப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. மூடியவர்கள் அரசு அலுவலர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அச்சம் மேலிருந்தும் வருகிறது.

ஆயினும் தனியாக வரும் பெண்ணை மறுப்பது வேறு வகை. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை நம்மில் பலர் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்போம். சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழையத் தடை விதிக்கக் கூடாது என்கிறது அது. ஹோட்டல் என்ற சொல் வெளிப்படையாகவே அங்கு இருக்கிறது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசை நோக்கிப் பேசுபவை. இது மேசைக்குப் பின்னால் இருக்கும் தனியாரையும் நோக்கிப் பேசுகிறது.

அந்தச் சொல் அங்கு வந்ததன் பின்னணியை ஆய்வாளர் அந்த மூன்றாம் இரவில் நினைத்துக்கொண்டார். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றபோது தங்க இடமின்றி, ஒரு பார்சி விடுதியின் பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். சில நாள்களில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பிற்காலத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். வரைவுக் குழுவின் தலைவருக்கு ‘ஹோட்டல்’ ஏட்டில் கண்ட சொல் அன்று. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஹோட்டலோடு தருமசாலையையும் சராயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதை மீறினால் தண்டனை உண்டு. பெண் என்பதற்காக மறுப்பவரைத் தண்டிக்க அப்படித் தனியான சட்டம் இல்லை. நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஐந்து நாள் ஆவணப் பணிக்கு வந்தவர் எத்தனை ஆண்டு அந்தப் படி ஏறுவார்?

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஆய்வாளருக்கு இன்னொரு படி கூடுதல். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதி 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு அஞ்சி, கடவுச்சீட்டைக் கண்டதுமே சிறிய விடுதிகள் கைவிரிக்கின்றன. சிலருக்கோ பெயரைச் சொன்னதுமே அறைகள் நிறைந்துவிடுகின்றன.

இதற்கு மாற்றாகச் சத்திரங்களை ஒரு பொற்காலமாகக் காட்டுவது எளிது. 1801இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, பிரிட்டிஷ் ரெசிடென்டு பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரத்துக்கு வரும் எல்லாச் சாதியினருக்கும் உணவு உண்டு என்றும், நோயுற்ற வழிப்போக்கருக்கு மருத்துவம், பேறுகாலப் பெண்களுக்குக் கவனிப்பு, அநாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு உண்டு என்றும் பட்டியலிடுகிறார். ஆய்வேட்டின் முதல் இயலே அக்கடிதத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அது, அறநிலங்கள் கும்பினியின் கைக்குப் போய்விடக் கூடாதென்று மன்றாடும் ஒரு மன்னரின் கடிதமும்கூட. சத்திரத்துப் பந்தி சாதிவாரியாகப் பிரிந்திருந்ததையும் ஒதுக்கிவிட முடியாது. எனினும், பேறுகாலம் நெருங்கிய ஒரு பெண் வந்து நிற்கக்கூடும் என்பதை முன்கூட்டியே எண்ணி ஏற்பாடு செய்த மனம் ஒன்று அக்கடிதத்தில் தெரிகிறது. அவள் யாரோடு வந்தாள் என்ற கேள்வியை அவர் இதுவரை படித்த ஆவணங்களில் கண்டதில்லை.

நான்காம் நாள் பிற்பகல் அவர் ஹயாத்நகர் சென்றார். விஜயவாடா சாலையில், முகமது குலி குதுப் ஷாவின் மகளும் அப்துல்லா குதுப் ஷாவின் தாயுமான ஹயாத் பக்‌ஷி பேகத்தின் பெயரால் அமைந்த ஊர் அது. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த அங்குள்ள பள்ளிவாசலைச் சுற்றி, வழிப்போக்கருக்கென நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் வரிசையாகக் கட்டப்பட்டன. நகரின் எல்லையில், கிழக்கிலிருந்து வருவோர் இரவில் தங்குவதற்கு ஓர் அரசியின் பெயரில் ஒரு சராய். இன்று அந்த வளைவுகளில் பல சிதைந்திருக்கின்றன. அவர் குறிப்பேட்டில் அளவுகளை எழுதிக்கொண்டு, இருட்டுமுன் திரும்பிவிட்டார். பத்தரை மணிக்குத் தட்டப்படும் கதவுக்குள் அதற்கு முன்பே இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு அவருக்குள் உருவாகியிருந்தது.

ஐந்தாம் நாள் அவர் காப்பகத்துக்குப் போகவில்லை. தூக்கமில்லாத கண்களால் பாரசீகச் சிகஸ்தா எழுத்தைப் படிக்க இயலாது. அதில் புள்ளிகள் பாதி இரா. முதல் நாள் ஏற்கெனவே வீணாகியிருந்தது. கேட்டு எழுதிக்கொடுத்த கட்டுகளில் இரண்டைத் திறக்காமலே மாலை வண்டியில் சென்னை திரும்பினார். நான்கு நூற்றாண்டுப் பழமையான தாள்களை அவருடைய ஒரு கையெழுத்தை நம்பிக் கையில் கொடுத்த காப்பக ஊழியர், அவை அங்கேயே இருக்கும், மறுபடி வாருங்கள் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தார்.

தார்நாகாவுக்குச் செல்லவிருப்போர் கவனத்துக்கு: உஸ்மானியா பல்கலைக்கழகத்திலோ ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலோ விருந்தினர் இல்லத்தில் இடம் கேட்டு, துறைத் தலைவரின் கடிதத்தோடு பல வாரங்களுக்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. கிடைக்காவிட்டால், பணம் கட்டுமுன் விடுதிக்கே நேரடியாகத் தொலைபேசி, ‘தனியாக வரும் பெண்ணுக்கு அறை உண்டா’ என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கவே கூடாத கேள்விதான். படிக்கட்டில் பெட்டி மேல் அமர்ந்து கேட்பதைவிட வீட்டிலிருந்து கேட்பது மேல்.

லாட்ஜில் தந்த ரசீது கையால் எழுதிய துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லையென்று குறிப்பெழுதிப் பல்கலைக்கழக நிதிப்பிரிவு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. கோப்பில் அத்தோடு இன்னொரு வினாவும் இருந்தது: ஐந்து நாள் அனுமதி பெற்றவர் ஆவணக் காப்பகத்தில் மூன்று நாள் மட்டும் பணியாற்றியதற்குக் காரணம் என்ன? பதில் எழுதுவதற்கு விடப்பட்டிருந்த இடம் ஒரே ஒரு வரி.