கியூஷு ரயில் பயணம் – 4: கப்பல் போன பின்னும் நிற்கும் மோஜிகோ

சென்ற பகுதியை ஹொன்ஷு தீவின் மேற்கு முனையில், ஷிமோனொசெகியில் முடித்திருந்தேன். அதன் எதிர்க்கரை கியூஷு. நடுவே ஓடும் கன்மோன் நீரிணை, மிகக் குறுகலான இடத்தில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. அக்கரையில், கிதாக்யூஷு நகரின் மோஜி பகுதியில், தண்டவாளம் கடலுக்கு அருகே முட்டி முடியும் இடத்தில் மோஜிகோ நிலையம் இருக்கிறது. 1914-இல் எழுந்த இரண்டு மாடி மரக் கட்டடம் அது. பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய பாணியில் அமைந்த, இருபுறமும் ஒத்திருக்கும் அதன் முகப்பைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முகப்பின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் மோஜிகோவின் உண்மையான சிறப்பு, ரயிலில் வந்த மனிதர்களைக் கப்பலுக்கும் கப்பலில் வந்தவர்களை ரயிலுக்கும் கொண்டுசேர்த்த அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. இன்றும் அங்கே ரயில் ஓடுவதால்தான் அந்த அமைப்பு நமக்கு விளங்குகிறது.

நிலையத்தைப் புரிந்துகொள்ளத் துறைமுகத்திலிருந்து தொடங்க வேண்டும். சிகுஹோ சுரங்கங்களின் நிலக்கரியை வெளியே அனுப்ப, 1889-இல் மோஜி சிறப்பு ஏற்றுமதித் துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1891-இல் கியூஷு ரயில்வே நிறுவனம் தன் பாதையை இங்கே கொண்டுவந்து, தலைமையகத்தையும் இவ்வூரிலேயே செங்கல்லால் கட்டிக்கொண்டது. அந்தச் செங்கல் கட்டடம் இப்போது ரயில்வே அருங்காட்சியகம். 1901-இல் ஷிமோனொசெகிக்கும் மோஜிக்கும் இடையே ரயில் பயணிகளுக்கான இணைப்புக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதன்பின் ஹொன்ஷுவிலிருந்து ரயிலில் கியூஷுவுக்கு வந்தவர்களுக்கு இதுவே தலைவாசல். டோக்கியோ நிலையம் திறந்த அதே 1914-ஆம் ஆண்டில், பழைய நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி இப்போதைய கட்டடம் திறக்கப்பட்டது. தலைநகரின் நிலையம் ஆட்சியின் கம்பீரத்தைக் காட்ட எழுந்தது. மோஜியின் நிலையம் கரை மாறும் கூட்டத்தைக் குழப்பமின்றி நகர்த்த எழுந்தது.

உள்ளே போனால் அந்த நோக்கம் ஒவ்வோர் அறையிலும் தெரிகிறது. கீழ்த்தளத்தில் முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்கு ஒரு காத்திருப்பு அறை, மூன்றாம் வகுப்புக்குத் தனியாக ஒன்று. மேல்தளத்தில் உயர் விருந்தினர் அறையும் மிகாதோ என்ற உணவகமும் இருந்தன. அக்காலச் சமூகத்தின் படிநிலை முழுவதும் இந்தத் தரைப்படத்தில் பதிந்திருக்கிறது. கப்பல் துறைக்குப் போன நடைவழியின் வாயிலும், போர்க்காலத்தில் பயணிகளை மறைவிலிருந்து கண்காணித்த துளையும் இன்னும் இருக்கின்றன. 1945-க்குப் பிறகு கடல் கடந்த நிலங்களிலிருந்து நாடு திரும்பியவர்கள் தாகம் தீர்த்துக்கொண்ட தண்ணீர்க் குழாயும் அப்படியே உள்ளது. பேரரசின் விரிவும் சரிவும் ஒரே வளாகத்தில் சுவடு விட்டிருக்கும் இடங்கள் அதிகமில்லை.

இந்த நிலையத்தின் பெருமையைப் பறித்தது ஒரு பொறியியல் சாதனை. 1942-இல் கன்மோன் கடலடி ரயில் சுரங்கம் திறந்தது. சுரங்கத்தின் கியூஷு முனை மோஜி துறைமுகத்துக்கு வரவில்லை. தெற்கே தைரி என்ற நிலையத்தின் அருகே வெளியே வந்தது. ஆகவே தைரி நிலையம் மோஜி என்ற பெயரை எடுத்துக்கொள்ள, பழைய மோஜி, துறைமுக மோஜி என்ற பொருளில் மோஜிகோ ஆனது. இணைப்புக் கப்பலும் 1964-இல் நின்றது. முக்கியத்துவம் போனதே கட்டடத்தைக் காத்தது என்பது என் முடிவு. கூட்டம் பெருகியிருந்தால், ஜப்பானின் எத்தனையோ நிலையங்களைப் போல இதையும் இடித்துக் கான்கிரீட்டில் எழுப்பியிருப்பார்கள். 1988-இல் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக இது அறிவிக்கப்பட்டது. அந்தத் தகுதியை ஜப்பானில் முதலில் பெற்ற ரயில் நிலையக் கட்டடம் இதுவே. டோக்கியோ நிலையம் 2003 வரை காத்திருந்தது.

மரச்சட்டத்தின் மேல் சாந்து பூசிக் கல்லைப் போலக் காட்டும் மேற்கத்திய நகலுக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று கேட்கலாம். மேல்பூச்சை மட்டும் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் 1912-இன் சுங்க அலுவலகம், 1917-இன் ஒசாகா கப்பல் நிறுவனக் கட்டடம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால், உலகக் கப்பல்கள் வந்துபோன ஒரு துறைமுகம் தனக்கெனத் தேர்ந்துகொண்ட தோற்றம் இது என்பது புரியும். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. 2012-இல் தொடங்கி 2019 மார்ச்சில் நிறைவுற்ற சீரமைப்பு, கட்டடத்தை 1914-இன் வடிவத்துக்குத் திருப்பியது. கூரையில் மீண்டும் கல் ஓடு வந்தது. பிற்காலத்தில் முகப்பில் சேர்ந்த சாய்ப்பு அகற்றப்பட்டது. பல தலைமுறைகள் பழகிய தோற்றத்தை ஏன் அழிக்க வேண்டும் என்கிறார்கள். அந்த இழப்பு உண்மையானது. எனினும் அந்தச் சாய்ப்பு இல்லாதபோதுதான் மூலக் கட்டடத்தின் அளவும் ஒழுங்கும் கண்ணுக்குத் தெரிகின்றன. நடைவழியும் தண்ணீர்க் குழாயும் போன்ற பிற்கால வாழ்வின் சுவடுகளையும் சீரமைத்தவர்கள் துடைத்துவிடவில்லை.

சுற்றுலாவுக்காக அலங்கரித்த பொம்மைதானே இது என்போருக்கும் பதில் உண்டு. முன்பு வசதி படைத்தவர்கள் மட்டும் அமர்ந்த காத்திருப்பு அறையில் இப்போது எல்லோரும் டிக்கெட் வாங்குகிறார்கள். மூன்றாம் வகுப்பு அறை காபிக் கடையாகியிருக்கிறது. ககோஷிமா முதன்மைப் பாதை இன்றும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பள்ளி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் அதே நடைமேடைகளில் ஏறி இறங்குகிறார்கள். ஒரு நிலையத்தைக் காக்கச் சிறந்த வழி அதில் ரயில் ஓடவிடுவதுதான். ஆகவே மோஜிகோவுக்குப் போகிறவர்கள் சுற்றுலாப் பேருந்தைத் தவிர்த்து, கொகுராவிலிருந்து கால் மணி நேரத்தில் வந்துசேரும் சாதாரண ரயிலில் போங்கள். தண்டவாளம் முடியும் இடத்தில் இறங்கி, பழைய பயணிகள் நடந்த திசையிலேயே கடலை நோக்கி நடங்கள். முகப்பைக் கடைசியாகப் பாருங்கள்.