கழற்றி வைக்கும் அணி

வண்டிக்கு அழகு செய்து பார்க்கும் ஆசை நம்மவர்க்குப் புதியதன்று. மாட்டுப் பொங்கலன்று காளையின் கொம்புக்கு வண்ணம் தீட்டுகிறோம். அதே தூரிகையால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கும் ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். லாரி வைத்திருப்பவர் அதன் நெற்றியில் குலதெய்வத்தின் பெயரை எழுதுகிறார். ஆட்டோ ஓட்டுபவர் அதன் முதுகில் தம் மனத்துக்குப் பிடித்த நடிகரை வரைந்து வைக்கிறார். இது எம்முடைய வண்டி என்று ஊருக்குச் சொல்லும் வழிகள் இவை. ஆனால், வண்டி பழையதாகி, அதைச் செய்த தொழிற்சாலையும் மறைந்து, வாங்கியவரும் காலமாகி, அடுத்த தலைமுறையின் கைக்கு அது வரும்போது கேள்வி வேறாகிவிடுகிறது. எதுவரை அது அலங்காரம்? எந்த இடத்தில் அது அழித்தலாக மாறுகிறது? எம் இல்லத்தில் இக்கேள்வி ஏறக்குறைய ஓராண்டுக் காலம் உணவு வேளைகளையெல்லாம் தனதாக்கிக் கொண்டது. அயலூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதில் எண்ணிப் பார்க்கத் தக்கது ஏதோ இருக்கிறது என்று தோன்றுவதால் இங்கே எழுதுகிறோம்.

எம் தந்தையார் விட்டுச் சென்றது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். இரண்டு கதவுகள் கொண்ட முதல் வகை. வெளிர் நீல நிறம். 1966ஆம் ஆண்டில் தென்மத்திய ரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டபோது அவருக்கும் இவ்வூருக்கு மாற்றல் வந்தது. வீட்டுச் சாமான்கள் ரயிலில் வந்தன. அவரோ நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா வழியாகத் தாமே காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாரேட்பள்ளியில் நாங்கள் குடியிருந்த தெருவில் அக்காருக்குத் தனி மதிப்பு உண்டு. காரணம் அதன் முன்புறம். மூடியும் இரு மட்கார்டுகளும் விளக்குகளும் ஒன்றாகச் சேர்ந்து, முதலை வாய் திறப்பது போல் முன்னோக்கிச் சாயும். எஞ்சினும் முன் சக்கரங்களும் வெட்டவெளியில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்தையார் அதைத் திறந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிடுவார்கள்.

தந்தையாருக்குப் பின் கார் சில ஆண்டுகள் தார்ப்பாயின் கீழ் உறங்கிற்று. அதனை எழுப்பியவன் எம் தம்பி மகன். இங்கேயே பிறந்தவன், தமிழ் பேசுவான், படிப்பது சற்றுத் தடுமாற்றம், கச்சிபௌலியில் கணிப்பொறி வேலை. அவன் ஒரு நாள் ஒரு பட்டியலோடு வந்தான். கூரையை எடுத்துவிட வேண்டும். நிறம் சிவப்பாக வேண்டும். இரும்புச் சக்கரங்களுக்குப் பதில் கம்பிச் சக்கரங்கள். முன்பின் பம்பர்கள் வேண்டா. ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயரை நீக்கி ‘டிரையம்ஃப்’ என்ற பெயரைப் பதிக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், தாத்தாவின் குடும்பக் காரை டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயச் சாயல் கொண்ட ஆங்கிலக் காராக மாற்ற வேண்டும். “பெரியப்பா, இரண்டும் ஒரே ரத்தந்தானே?” என்று கேட்டான்.

அவன் கேட்டதில் உண்மை இருந்தது. ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதற்கு வடிவம் தந்தவர் ஜோவானி மிக்கலோட்டி என்ற இத்தாலியர். அவரே 1962இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயருக்கும் வடிவம் தந்தார். ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கியே அதனை அமைத்தனர். இரு அச்சுகளுக்கும் இடையே ஹெரால்டில் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83. ஆக, ஒன்று குடும்பஸ்தனான அண்ணன். மற்றொன்று ஊர் சுற்றும் தம்பி.

கூரையைப் பற்றிய ஆசையும் ஆதாரமற்றதன்று. அக்காலத்துச் சிறு கார்களில் பல, உடலும் சட்டமும் ஒன்றாக இணைந்தே வந்தன. ஹெரால்டு அப்படியன்று, தனி அடிச்சட்டத்தின் மேல் உடல் துண்டு துண்டாகத் திருகாணிகளால் பூட்டப்பட்டது. இதற்கு வணிகக் காரணம் ஒன்று உண்டு. ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனத்துக்கு உடற்பாகங்கள் செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற தொழிற்சாலையைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. பல இடங்களில் சிறு சிறு பகுதிகளாகச் செய்து ஒன்றுசேர்க்கக் கூடிய காரே இனி நமக்கு உகந்தது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கடல் கடந்த நாடுகளில் பூட்டி விற்பதற்கும் அதுவே வசதியாயிற்று. கூரையும் திருகாணியால் பூட்டப்பட்டதே. அது இல்லாத திறந்த வகையையும் அந்நிறுவனமே 1960இல் விற்கத் தொடங்கியது. எனவே கூரை நீக்குவது ஹெரால்டின் இயல்புக்கு முற்றிலும் மாறானதன்று.

கார்கானாப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் முதிய உஸ்தாதிடம் காரைக் கொண்டுபோனோம். அவர் காரைச் சுற்றி வந்தார். கதவின் கீழ் விளிம்பை விரலால் தட்டிப் பார்த்தார். துருவின் ஓசையைக் கேட்டார். பிறகு தம் தக்கணி உருதுவில், “கூரையை எடுப்பது எனக்கு ஒரு பகல் வேலை, எடுத்த பின் மழை வந்தால் உங்களுக்கு ஆயுள் வேலை” என்றார். இன்னொன்றும் சொன்னார். ஐம்பது ஆண்டுத் துருப்பிடித்த திருகாணியைக் கழற்றப் பொறுமை இல்லாதவர்கள் வாளால் தூண்களை அறுத்துவிடுகிறார்கள். கழற்றியதை மீண்டும் பூட்டலாம், அறுத்ததைப் பூட்ட முடியாது என்றார். அன்று அதை ஒரு தொழிலாளியின் எச்சரிக்கையாக மட்டுமே கேட்டோம். பின்னர் எம் வழக்குக்கே அது தீர்ப்பாயிற்று.

தீர்ப்புக்கு முன் எங்கள் இளைஞனை அழைத்துக்கொண்டு இந்நகரின் இரு இடங்களுக்குச் சென்றோம். முதலாவது சௌமஹல்லா அரண்மனை. அங்கே 1912ஆம் ஆண்டின் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் ஒன்று மஞ்சள் நிறத்தில் நிற்கிறது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் அதற்குச் சொல்லி வைத்தவர். 1911இல் அவர் மறைந்துவிட, அது அவர் மகன் உஸ்மான் அலி கானுக்கு வந்து சேர்ந்தது. எஞ்சினும் அடிச்சட்டமும் ஒரு நிறுவனம் செய்தது. மேலுடலை லண்டனின் பார்க்கர் நிறுவனம் செய்தது. பின் இருக்கை சிம்மாசனமாகவே அமைந்தது. மஞ்சள் ஆசஃப் ஜாஹி மரபின் கொடி நிறம். வாங்குபவர் விரும்பிய உடலைக் கட்டித் தருவதே அக்கால வழக்கு. ஆதலால் அங்கே ‘மூல வடிவம்’ என்பதே உடையவரின் விருப்பந்தான். இரண்டாவது, பகதூர்புராவில் சுதாகர் என்பார் அமைத்த சுதா கார் காட்சியகம். கத்தரிக்காய், ஷூ, கிரிக்கெட் மட்டை ஆகிய வடிவங்களில் ஓடும் கார்கள் அங்கே உள்ளன. ஒன்று அரசனின் ஆணை; மற்றொன்று கலைஞனின் விளையாட்டு. இரண்டிலும் பழைய பொருள் எதுவும் தன் முகத்தை இழக்கவில்லை. தொடக்கத்திலேயே அவ்வாறு பிறந்தவை அவை. எம் கார் அப்படிப்பட்டதன்று. அதற்கு ஏற்கெனவே ஒரு முகம் உண்டு.

நிறத்தைப் பற்றி நீண்ட வாதம் நடந்தது. பந்தயக் கார்களின் நிறங்களுக்கு நாட்டுக் கணக்கு உண்டு: இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், இங்கிலாந்துக்குப் பச்சை. அப்பச்சை 1903ஆம் ஆண்டின் கார்டன் பென்னட் பந்தயத்தோடு தொடர்புடையது. பிரிட்டனின் சாலைகளில் பந்தயம் ஓட்டச் சட்டம் இடம் தராமையால் அது அயர்லாந்தில் நடந்தது. அந்நாட்டைச் சிறப்பிக்க நேப்பியர் கார்கள் பச்சை பூண்டன. இதைச் சொன்னபோது தம்பி மகன் சிரித்தான். “அப்படியானால் மதராஸுக்கு என்ன நிறம், பெரியப்பா?” என்றான். எமக்கு உடனே விடை வரவில்லை. ஆயினும் மதராஸுக்கும் பந்தய வரலாறு உண்டு என்று சொன்னோம். உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது; 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறக்கப்பட்டது. சோழவரத்தில் ஹெரால்டுகளும் ஓடின. பந்தயத்தில் இறங்குவோர் பம்பரைக் கழற்றுவது எடையைக் குறைக்கவேயன்றி அழகுக்காக அன்று. மாரேட்பள்ளியின் நெரிசலில் பம்பர் இல்லாத கார் பந்தயக் கார் ஆகாது. அடிபட்ட கார்தான் ஆகும். இதை அவன் ஒப்புக்கொண்டான்.

சட்டமும் வாய் திறந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்தியமைக்கலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழில் குறிக்க வேண்டும். 2021இல் நடுவண் அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகள் வகுத்தது. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, அடிச்சட்டமும் மேலுடலும் எஞ்சினும் மாற்றம் பெறாமல் மூல வடிவில் இருந்தால் அத்தகுதி கிடைக்கும். முன்பே பதிவானவை தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தந்தையார் ஓட்டி வந்த எண் பலகை நிலைக்க வேண்டுமானால் கூரையும் நிலைக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

இவ்வளவும் தடைகளே. தடைகளை மட்டும் அடுக்கினால் இளையவர் மனம் விலகிவிடும். தொடக் கூடாத சொத்தைப் பிள்ளைகள் சில நாள் வணங்குவார்கள், பிறகு விற்றுவிடுவார்கள். எமக்கு உள்ளூர இருந்த அச்சம் அதுதான். அப்போது திருவாரூர் ஆழித்தேர் எம் நினைவுக்கு வந்தது. சிற்பங்கள் நிறைந்த மரத்தேரின் உயரம் 30 அடிதான். விழாக் காலத்தில் மூங்கிலும் துணியும் தொம்பைகளும் ஏறி அது 96 அடியாக வளர்கிறது. விழா முடிந்ததும் அவ்வளவும் இறங்கிவிடுகிறது. செதுக்கிய மரத்தின் மேல் எவரும் புது உளி வைப்பதில்லை. அலங்காரம் குறையவும் இல்லை, மூலம் கெடவும் இல்லை. பழைய வாகனங்களைப் பேணுவோரின் உலகக் கூட்டமைப்பு 2013இல் உறுதி செய்த டூரின் சாசனமும் இதே வழியைத்தான் காட்டுகிறது: மாற்றம் செய்தால் மீட்கக் கூடியதாகச் செய்க, கழற்றிய மூலப் பாகங்களை வாகனத்தோடு சேர்த்து வைத்துக் காக்க.

அவ்வாறே உடன்பாடு கண்டோம். கம்பிச் சக்கரம் வந்தது. பழைய சக்கரங்கள் எண்ணெய் தடவிச் சுவரோரம் சாத்தப்பட்டன. மரவளையம் கொண்ட ஸ்டியரிங் வந்தது. இருக்கைகளுக்குச் சிவப்பு உறை வந்தது. அவனுடைய சிவப்பு அங்கே குடியேறிற்று. பம்பருக்குப் புதிதாகக் குரோமியம் பூசினோம். கூரை நின்றது, நீலம் நின்றது. நீலத்தின் சரியான சாயலைக் கண்டது உஸ்தாத்தான்: டிக்கியின் உட்புறத்தில், வெயிலே படாத ஓர் இடத்தில் அது அப்படியே இருந்தது.

எஞ்சியது பெயர்ப் பதக்கம். இதில் மட்டும் நாம் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுவும் திருகிக் கழற்றக் கூடியதே. பின் ஏன் மறுத்தோம்? இங்கிலாந்தில் ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயர் 1963இல் கார்களிலிருந்து மறைந்துவிட்டது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலோ அப்பெயர் தொடர்ந்து வாழ்ந்தது. ஆங்கிலேயன் டிரையம்ஃப் ஹெரால்டு என்று அழைத்ததை நாம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று அழைத்தோம். பின்னர் அங்கே கெசல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1980களின் இறுதியில் உற்பத்தியே நின்றுபோயிற்று. சக்கரத்தை மாற்றுவது அழகு. இருக்கையை மாற்றுவது வசதி. பெயரை மாற்றுவது பிறந்த ஊரை மறைப்பது. ஸ்பிட்ஃபயரின் தம்பி என்று அதைச் சொல்லிக்கொள்ளலாம், அண்ணன் என்றும் சொல்லலாம். லண்டனில் பிறந்தது என்று மட்டும் சொல்லலாகாது. இதை விளக்கியபோது அவன் மறுமொழி சொல்லவில்லை. இணையவழி வாங்கி வைத்திருந்த டிரையம்ஃப் பதக்கத்தைக் கையில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தான்; பிறகு காகிதத்தில் சுற்றி வைத்தான்.

நம் பிள்ளைகளின் பேச்சில் தெலுங்கு கலக்கிறது, உருது கலக்கிறது. உடையும் உணவும் மாறுகின்றன. அதற்கெல்லாம் முகம் சுளிக்கும் பெரியவர்களை இச்சங்கத்திலேயே அறிவோம். எல்லாவற்றையும் தடுப்பதால் எதுவும் தங்காது. கழற்றக் கூடியதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டு, அறுக்கக் கூடாதது எது என்பதை மட்டும் பொறுமையாகச் சொல்லித் தந்தால், வண்டி ஓடும்.

இப்போது கழற்றிய பாகங்கள் யாவும் ஒரு மரப்பெட்டியில் டிக்கியில் இருக்கின்றன; அந்த டிரையம்ஃப் பதக்கமும் அவற்றோடுதான். பெட்டியின் மேல் அவன் தன் கையாலேயே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறான்: ‘தாத்தா வண்டி, பளைய பாகங்கள்.’ ழகரம் ளகரமாகிவிட்டது. நாம் திருத்தவில்லை.