வான் தீவின் இரு படங்கள்

பனி மூடிய ஆல்ப்ஸ் மலையின் படம் நம் இல்ல நாட்காட்டிகளை அணிசெய்கின்றது. தூத்துக்குடியின் வெண்ணிற உப்புக் குவியல்களும் படம்பிடிப்போரை ஈர்க்கின்றன. ஆயினும், முத்துக் குளித்த இக்கரையில் நாம் உற்றுநோக்க வேண்டியவை, செயற்கைக்கோள்கள் எடுத்த வான் தீவின் படங்களே.

பழைய படத்தையும் 2015ஆம் ஆண்டின் படத்தையும் அருகருகே வைத்தால், தீவு பெரிதும் சுருங்கியிருப்பது புலப்படும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் முன்னரே நீருள் மூழ்கிவிட்டன. அலைகளுக்கு அரணாயிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடங்களுக்கும் வெட்டியெடுத்ததே முதன்மைக் காரணம்.

2001இல் பவளங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2015 முதல் வான் தீவருகே கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன.

அன்பர்களே, ஆல்ப்ஸ் படத்தின் அருகே இவ்விரு படங்களையும் மாட்டுவோம். பிள்ளைகள் காரணம் கேட்டால், மறையாது உரைப்போம்.